ஒரு சாய்கோட்டின் வரலாறு: வலைச் சட்டகங்களும் இரண்டு குறிமொழித் தரநிலைகளும்

2018 ஆகஸ்டில் ஜாங்கோ என்னும் வலைச் சட்டகத்தின் 2.1 பதிப்பு வெளிவந்தது. அதன் வெளியீட்டுக் குறிப்புகளில் பெரும்பாலோர் கவனியாது கடந்த ஒரு செய்தி உண்டு. படிவ உறுப்புகளுக்காகச் சட்டகம் உருவாக்கித் தரும் எச்டிஎம்எல்லில், உள்ளடக்கம் இல்லாத டேக்குகளின் இறுதியில் இனிச் சாய்கோடு இடம்பெறாது. இம்மாற்றம் எக்ஸ்எச்டிஎம்எல்லுடன் பொருந்தாது என்பதே அச்செய்தி. பயனரின் திரையில் இதனால் எவ்வித வேறுபாடும் தோன்றவில்லை. ஆயினும் அந்த ஒற்றைச் சாய்கோட்டை நீக்குவதற்கு, ஜாங்கோ வெளியுலகிற்கு வந்த 2005இலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

வலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உலாவிகளின் போட்டியையும் தரநிலை அமைப்புகளின் பூசல்களையும் முதன்மைப்படுத்துகின்றனர். அவ்விரண்டிற்கும் நடுவே நின்று, கோடிக்கணக்கான பக்கங்களின் எழுத்துருவைத் தீர்மானித்த சட்டகங்கள் பின்னணியிலேயே விடப்படுகின்றன. ஒரு சட்டகம் ஒன்றுக்கு மேற்பட்ட குறிமொழித் தரநிலைகளை 'ஆதரிக்கிறது' என்றால் அதன் பொருள் என்ன? அந்த ஆதரவின் சுமையைச் சுமந்தவர் யார்? இவ்வினாக்களுக்கான விடை, வலை ஆவணக் காப்பகங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்களுக்கு இன்றும் இன்றியமையாதது.

1. இரண்டு இலக்கணங்கள்

எச்டிஎம்எல் பிறந்தபோது அதற்குத் தாயிலக்கணமாகக் கொள்ளப்பட்டது, 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்னும் எண்ணுடன் தரநிலையாக்கப்பட்ட எஸ்ஜிஎம்எல். சில டேக்குகளை மூடாமல் விடலாம், பண்புக்கூறுகளைச் சுருக்கி எழுதலாம் என்பன போன்ற நெகிழ்ச்சிகள் அதில் இருந்தன. 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 அந்நெகிழ்ச்சிகளைக் களைந்தது. திறந்த டேக் மூடப்பட வேண்டும். பண்புக்கூற்றின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் அமைய வேண்டும். உள்ளடக்கமற்ற டேக் தன்னைத்தானே மூடிக்கொள்ளச் சாய்கோடு பெற வேண்டும். இவற்றினும் முக்கியமான விதி பிழை குறித்தது: நல்வடிவம் சிதைந்த இடத்தில் பகுப்பி தன் வழக்கமான பணியை நிறுத்திவிட வேண்டும்.

1999 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.01 பரிந்துரை நிலையை அடைந்தது. அடுத்த மாதமே, 2000 ஜனவரி 26 அன்று, அதே சொற்களஞ்சியத்தை எக்ஸ்எம்எல் இலக்கணத்தில் மீண்டும் வார்த்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 வெளிவந்தது. பழைய உலாவிகள் இதனைப் புரிந்துகொள்ளுமா என்னும் ஐயத்தைத் தீர்க்க, அவ்வாவணத்தின் 'சி' பின்னிணைப்பு சில வழிகளைக் கூறியது. சாய்கோட்டிற்கு முன் ஓர் இடைவெளி விடுக என்பது அவற்றுள் ஒன்று. அவ்வாறு எழுதினால், சாய்கோட்டைப் பொருட்படுத்தாமல் உலாவிகள் பக்கத்தைக் காட்டிவிடும்.

இந்தச் சலுகையே பின்னர் வந்த குழப்பத்திற்கு வித்திட்டது. ஒரு பக்கத்தை எவ்விலக்கணப்படி படிப்பது என்பதை உலாவி முடிவு செய்வது, பக்கத்தின் தலைப்பிலுள்ள டாக்டைப் அறிவிப்பைக் கொண்டு அன்று. வழங்கி அனுப்பும் ஊடக வகையைக் கொண்டே. எக்ஸ்எச்டிஎம்எல்லுக்கெனத் தனி ஊடக வகை 2002 ஜனவரியில் பதிவானது. ஆனால் அன்று பெரும்பான்மையோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2011இல் வந்த 9ஆம் பதிப்பு வரை அதனை ஏற்கவில்லை. பக்கத்தைக் காட்டுவதற்கு மாறாகக் கோப்பைப் பதிவிறக்கலாமா என்று கேட்டது. எனவே எக்ஸ்எச்டிஎம்எல் என்று அறிவித்துக்கொண்ட பக்கங்களுள் மிகப் பெரும்பாலானவை பழைய எச்டிஎம்எல் ஊடக வகையிலேயே அனுப்பப்பட்டன. உலாவியைப் பொறுத்தவரை அவை சிறு பிழைகள் கொண்ட எச்டிஎம்எல் பக்கங்கள், அவ்வளவே. இயன் ஹிக்சன் 2002இலேயே இவ்வழக்கம் தீங்கானது என எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார்.

டாக்டைப் அறிவிப்புக்கும் ஒரு விளைவு இருந்தது. 2000இல் மேக்கிண்டாஷுக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கிவைத்த முறைப்படி, அவ்வறிவிப்பு பக்கத்தின் தோற்றத்தைத் தரநிலை முறையில் அமைப்பதா, பழைய உலாவிகளின் கோணல்களைப் பின்பற்றி அமைப்பதா என்பதைத் தீர்மானித்தது. அது அமைப்பைப் பற்றிய தேர்வு, இலக்கணத்தைப் பற்றியதன்று.

2. சட்டகங்கள் உள்ளே வந்த விதம்

ஒருவர் தம் பக்கத்தைத் தாமே எழுதிய காலத்தில் இச்சிக்கல் தனிமனிதத் தேர்வாகவே இருந்தது. 2004இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005இல் ஜாங்கோ, கேக்பிஎச்பி, ஏஎஸ்பி.நெட் 2.0, 2007இல் செண்ட் ஃப்ரேம்வொர்க் 1.0 என அடுத்தடுத்து வந்த சட்டகங்கள் நிலைமையை மாற்றின. படிவப் பெட்டி, படம், நடைதாள் இணைப்பு ஆகியவற்றுக்கான டேக்குகளை நிரலாளர் எழுதவில்லை. சட்டகத்தின் உதவிச் செயற்கூறுகள் எழுதின. பக்கத்தின் ஒரு பகுதி வார்ப்புருவை எழுதியவருடையது; மறுபகுதி சட்டகத்தை எழுதியவருடையது. இருவரும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றாவிடில் பக்கம் இரண்டு இலக்கணங்களின் கலவையாயிற்று.

இதன் விளைவு வெறும் அழகியல் குறை அன்று. எஸ்ஜிஎம்எல்லின் சுருக்க விதிகளின்படி, டேக்குக்குள் வரும் சாய்கோடே அந்த டேக்கை முடித்துவிடும். அதன்பின் நிற்கும் கோணக் குறி வெறும் எழுத்தாகிவிடும். எச்டிஎம்எல் 4.01 பக்கத்தின் தலைப்பகுதியில் நடைதாள் இணைப்பு சாய்கோட்டுடன் அமைந்தால், தலைப்பகுதியில் எழுத்து வரலாகாது என்பதால் அங்கேயே தலைப்பகுதி முடிந்து உடற்பகுதி தொடங்கிவிட்டதாகச் சரிபார்ப்பான் கொள்ளும். பிழைச்செய்தியோ அதற்கடுத்து வரும், எக்குற்றமும் செய்யாத வரிகளின்மேல் விழும். உலாவிகள் எவையும் எஸ்ஜிஎம்எல் விதிகளை முழுமையாகப் பின்பற்றாததால் திரையில் ஏதும் தெரியாது. தம் பக்கம் தரநிலைக்கு உட்பட்டது என மெய்ப்பிக்கக் கடமைப்பட்ட நிரலாளருக்கு மட்டும் இது தலைவலியாக முடிந்தது.

3. மூன்று விடைகள்

இச்சிக்கலுக்குச் சட்டகங்கள் மூன்று வகையான விடைகளைத் தந்தன.

முதல் விடை, ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது. ரெயில்ஸும் ஜாங்கோவும் இவ்வழியில் சென்றன. 2005ஆம் ஆண்டின் மனநிலையில் எக்ஸ்எச்டிஎம்எல்லே எதிர்காலம் எனத் தோன்றியது. எனவே இரண்டும் சாய்கோட்டுடனேயே டேக்குகளை உருவாக்கின. ரெயில்ஸின் டேக் செயற்கூறு மூன்றாவதாக ஒரு மதிப்பைப் பெற்று, ஒவ்வொரு முறையும் கேட்டால் மட்டும் சாய்கோட்டை விட்டுவிடும். ஜாங்கோவின் படிவங்களில் அந்த வாய்ப்பும் இல்லை. ஜாங்கோவைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சைமன் வில்லிசனே 2008இல் இதற்கென ஒரு தனித் துணைநிரலை எழுத நேர்ந்தது: வார்ப்புருவில் ஒருமுறை டாக்டைப்பை அறிவித்தால் படிவ உறுப்புகள் அதற்கேற்ப வெளிவரும். மையச் சட்டகம் ஏற்காத பொறுப்பை விளிம்பிலுள்ள துணைநிரல் ஏற்றது.

இரண்டாம் விடை, நிலைமாற்றி ஒன்றை வைப்பது. செண்ட் ஃப்ரேம்வொர்க்கில் டாக்டைப்புக்கென்றே ஓர் உதவிக்கூறு இருந்தது. எச்டிஎம்எல் 4இன் வகைகளும் எக்ஸ்எச்டிஎம்எல்லின் வகைகளும் அதில் பட்டியலிடப்பட்டன. ஒவ்வொரு படிவச் செயற்கூறும் டேக்கை முடிக்கும் முன், நடப்பிலுள்ள டாக்டைப் எக்ஸ்எச்டிஎம்எல்தானா என அதனைக் கேட்டுச் சாய்கோட்டை இட்டது அல்லது விட்டது. ஏஎஸ்பி.நெட் 2.0 இதனை அமைவுக் கோப்பிற்குக் கொண்டு சென்றது. பழைய முறை, இடைநிலை, கண்டிப்பு என மூன்று மதிப்புகள், இயல்பிருப்பு இடைநிலை.

மூன்றாம் விடை, சிக்கலை வேறோர் அடுக்கிற்கு நகர்த்துவது. 2006இல் பைத்தான் மொழிக்கு வந்த ஜென்ஷி என்னும் வார்ப்புரு நிரல், பக்கத்தை எழுத்துச்சரமாகக் கருதவில்லை. தொடக்கம், எழுத்து, முடிவு ஆகிய நிகழ்வுகளின் ஓட்டமாகக் கருதியது. பக்கம் முற்றுப்பெற்ற பிறகே, அதனை எச்டிஎம்எல்லாக எழுதுவதா எக்ஸ்எச்டிஎம்எல்லாக எழுதுவதா என்பதை இறுதியிலுள்ள வரிசையாக்கி முடிவு செய்தது. உதவிச் செயற்கூறுகள் எவையும் சாய்கோட்டைப் பற்றி அறிய வேண்டியதில்லை. ரூபி உலகில் ஹாம்ல் என்னும் குறியீட்டு முறையும் இதற்கு நெருக்கமானது: நிரலாளர் கோணக் குறிகளையே எழுதுவதில்லை, வெளியீட்டு வடிவம் ஓர் அமைவு மட்டுமே.

4. ஆதரவின் விலை

கோட்பாட்டளவில் மூன்றாம் விடையே தூயது. நடைமுறையில் பரவியவை முதலிரண்டுமே. வார்ப்புருவை எழுத்துச்சரமாகக் கையாள்வது எளிது, விரைவானது; எச்டிஎம்எல் அல்லாத மின்னஞ்சல் போன்றவற்றுக்கும் அதே கருவி பயன்படும். அந்த எளிமையைக் கைவிட எவரும் முன்வரவில்லை.

நிலைமாற்றியின் உண்மையான விலை அதனைப் பின்பற்ற வேண்டியவர்களின் எண்ணிக்கையில் இருந்தது. சட்டகத்தின் செயற்கூறுகள் அனைத்தும் நிலைமாற்றியைக் கேட்டுச் செயல்பட்டாலும், பிறர் எழுதிய செருகுநிரல் ஒன்று கேட்காமல் சாய்கோட்டை இட்டால் பக்கம் கலவையாகிவிடும். இரண்டு தரநிலைகளை ஆதரிப்பதென்பது, சட்டகத்தைச் சூழ்ந்துள்ள நிரலாளர் அனைவர்மேலும் எவரையும் கேளாமல் ஒரு கடமையைச் சுமத்துவதாக முடிந்தது.

ஏஎஸ்பி.நெட்டின் அனுபவம் இதனினும் ஆழமானது. வேறுபாடு சாய்கோட்டளவில் நிற்கவில்லை. கண்டிப்பான எக்ஸ்எச்டிஎம்எல் படிவ டேக்குக்குப் பெயர்ப் பண்புக்கூற்றை அனுமதிப்பதில்லை. அதனை நீக்கினால் பெயரை நம்பிய பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் முறிந்தன. பக்கத்தின் நிலையைச் சுமக்கும் மறைபுலத்தைப் படிவத்தினுள் நேரடியாக வைக்கத் தரநிலை இடந்தராததால், அதனைச் சுற்றி ஒரு வெற்றுப் பெட்டி தோன்றியது. அதனால் சில பக்கங்களின் தோற்றம் பிசகியது. முந்தைய பதிப்பிலிருந்து மாற்றப்பட்ட திட்டங்களில் மாற்றுக்கருவி 'பழைய முறை' என்னும் மதிப்பைத் தானே எழுதிவைத்தது. பின்னர் வந்த ஏஜாக்ஸ் கூறுகள் அம்மதிப்பு இருக்கும் இடத்தில் ஒழுங்காக இயங்கவில்லை. ஒரு காலத்தின் இணக்கத்திற்காக எழுதப்பட்ட ஒற்றை வரி, அடுத்த காலத்தின் தடைக்கல்லாயிற்று.

மற்றொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. ஏஎஸ்பி.நெட் உலாவியின் பெயரைப் பார்த்து, அது புதியதாயின் புதிய குறிமொழியையும் அறியாததாயின் எச்டிஎம்எல் 3.2ஐயும் அனுப்பியது. டபிள்யூ3சியின் சரிபார்ப்பானை அது அறியாத உலாவி எனக் கொண்டது. விளைவாக, மக்கள் காணும் பக்கம் ஒன்று, சரிபார்ப்பான் காணும் பக்கம் வேறொன்று என்றாயிற்று. தரநிலைக்கு உட்பட்ட பக்கம்கூடத் தேர்வில் தோற்றது. சரிபார்ப்பானின் பெயரையும் உலாவிப் பட்டியலில் சேர்ப்பதே நிரலாளர்கள் கண்ட தீர்வு.

5. சாய்கோடு உண்மையாகவே தேவைப்பட்ட இடம்

எக்ஸ்எச்டிஎம்எல்லை விரும்பியோர் அனைவரும் நாகரிகப் போக்கில் இழுபட்டவர்கள் எனக் கொள்வது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. எச்டிஎம்எல் 5 பரவுவதற்கு முன், கணிதச் சமன்பாடுகளுக்கான மேத்எம்எல்லையும் வரைபடங்களுக்கான எஸ்விஜியையும் பக்கத்தினுள்ளேயே எழுதத் தரநிலை காட்டிய வழி எக்ஸ்எம்எல் ஒன்றே.

இதற்குத் தக்க சான்று இன்ஸ்டிக்கி. ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைன்மயர் ஹான்சன் தொடங்கிய விக்கி மென்பொருள் அது. டெக்சாஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் டிஸ்லர் அதனை ஏற்று வளர்த்து, கணிதக் குறியீடுகளுடன் கூடிய பக்கங்களை மெய்யான எக்ஸ்எச்டிஎம்எல் ஊடக வகையிலேயே வழங்குமாறு செய்தார். வகைமைக் கோட்பாட்டாளர்களும் இயற்பியலாளர்களும் 2008 முதல் கூட்டாக எழுதிவரும் என்லேப் என்னும் அறிவுத்தொகுப்பு இம்மென்பொருளின்மேல் எழுந்தது. இங்குச் சட்டகம் இடும் ஒவ்வொரு சாய்கோடும் இன்றியமையாதது. பங்களிப்பாளர் ஒருவர் தட்டச்சு செய்த ஒற்றைக் குறி நல்வடிவத்தைக் குலைத்தாலும், படிப்பவர் கட்டுரையைக் காண மாட்டார். மோசில்லா உலாவியில் மஞ்சள் நிறப் பிழைப்பக்கத்தையே காண்பார். ஆதலால் பயனர் உள்ளீடு அனைத்தையும் பகுத்துத் திருத்தும் நிரலடுக்கு ஒன்று தேவைப்பட்டது. இரண்டாம் தரநிலையை உண்மையாக ஆதரிப்பதென்றால் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை இன்ஸ்டிக்கி காட்டியது. மற்றப் பெரும்பாலான தளங்கள் அவ்வுழைப்பை ஏற்காமல் அதன் அடையாளத்தை மட்டும் அணிந்திருந்தன.

6. முடிவு வந்த விதம்

2004 ஜூனில் சான் ஹோசே நகரில் டபிள்யூ3சி கூட்டிய பட்டறையில், எச்டிஎம்எல்லையே விரித்து வளர்க்கலாம் என மோசில்லாவும் ஓபராவும் முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை. அதையடுத்து அவ்விரண்டும் ஆப்பிளும் சேர்ந்து 'வாட்' பணிக்குழுவை அமைத்தன. 2006 அக்டோபரில் டிம் பெர்னர்ஸ்-லீ, உலகை ஒரே வீச்சில் எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும் முயற்சி கைகூடவில்லை என ஒப்புக்கொண்டார். 2009 ஜூலையில் எக்ஸ்எச்டிஎம்எல் 2 பணிக்குழுவின் காலம் நீட்டிக்கப்படாது என அறிவிக்கப்பட்டது. 2014 அக்டோபர் 28 அன்று எச்டிஎம்எல் 5 பரிந்துரையானது. 2019 மே மாதத்தில் டபிள்யூ3சியும் 'வாட்' குழுவும் ஒரே எச்டிஎம்எல் தரநிலையில் இணைந்து பணியாற்ற உடன்பட்டன.

எச்டிஎம்எல் 5 சாய்கோட்டைத் தடை செய்யவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. அது எஸ்ஜிஎம்எல்லின் உறவை முறித்துக்கொண்டு, பிழையுள்ள பக்கத்தையும் எவ்வாறு படிப்பது என்பதைத் தன் விதிகளுள் எழுதிவைத்தது. அவ்விதிகளின்படி, உள்ளடக்கமற்ற டேக்கின் இறுதியிலுள்ள சாய்கோடு அனுமதிக்கப்பட்டது, பொருளற்றது. மேலும் அத்தரநிலை முதலில் ஆவண மரத்தை வரையறுத்து, எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் ஆகிய இரண்டையும் அம்மரத்தை எழுதும் இரு முறைகளாகக் கொண்டது. ஜென்ஷி போன்ற கருவிகள் சட்டகத்தின் அளவில் கண்ட விடையைத் தரநிலை தன் அளவில் ஏற்றுக்கொண்டது எனலாம். சட்டகங்களின் இருதலைச் சிக்கல் அதனால் கரைந்தது: சாய்கோட்டை இட்டாலும் பிழையில்லை, விட்டாலும் பிழையில்லை.

எனினும் சட்டகங்கள் மெல்லவே நகர்ந்தன. 2011 ஜனவரியில் வந்த ட்ரூபல் 7 எக்ஸ்எச்டிஎம்எல் அறிவிப்புடனேயே வந்தது. எச்டிஎம்எல் 5க்கு மாறியது 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பு. 2013இல் வேர்ட்பிரஸ் 3.6, தேடல் படிவம், கருத்துப் படிவம் முதலியவற்றுக்கு எச்டிஎம்எல் 5 வேண்டுமா என ஒவ்வொரு தோற்றக்கருவையும் தனித்தனியே அறிவிக்கச் சொன்னது. பழைய தோற்றங்கள் முறியாதிருக்க இது வழி. 2017இல் ரெயில்ஸ் 5.1 பழைய டேக் செயற்கூற்றை விட்டுவைத்து, சாய்கோடில்லாத புதிய வடிவை அருகே அமைத்தது. ஜாங்கோ 2012லேயே தன் சோதனைக் கருவிகளில், சாய்கோடு உள்ள டேக்கையும் இல்லாத டேக்கையும் ஒன்றெனக் கொள்ளும் ஒப்பீட்டைச் சேர்த்திருந்தது. வெளியீட்டிலிருந்து அது மறைந்தது அதற்கு ஆறாண்டுகள் கழித்தே.

சாய்கோடு முற்றாக மறைந்துவிடவும் இல்லை. 2013இல் ரியாக்ட் நூலகத்துடன் வந்த ஜேஎஸ்எக்ஸ் எழுத்துமுறை, எக்ஸ்எம்எல் போலவே ஒவ்வொரு டேக்கும் மூடப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அது நிரலாளர் எழுதும் மூலத்திற்கான விதி. உலாவிக்குச் செல்லும் எச்டிஎம்எல்லுக்கானது அன்று.

7. ஆய்வாளருக்கான பாடம்

இவ்வரலாறு வலை ஆவணங்களைப் படிக்கும் முறையைப் பாதிக்கிறது. 2000க்கும் 2012க்கும் இடைப்பட்ட பக்கங்களைத் திரட்டி, டாக்டைப் அறிவிப்புகளை எண்ணி, எக்ஸ்எச்டிஎம்எல் எந்த அளவு ஏற்கப்பட்டது என முடிவுகட்டுவது எளிது. அவ்வெண்ணிக்கை எதனை அளக்கிறது? கேக்பிஎச்பியின் முதற்பதிப்புகளில் டாக்டைப் செயற்கூற்றை மதிப்பின்றி அழைத்தால் கண்டிப்பான எக்ஸ்எச்டிஎம்எல் அறிவிப்பே வரும். 2.1 பதிப்பில் அதே அழைப்பு எச்டிஎம்எல் 5ஐத் தரும். நிரலாளரின் கருத்து மாறாமலேயே அறிவிப்பு மாறியிருக்கலாம். எண்ணப்படுவது எழுதியவரின் தேர்வு அன்று. சட்டகத்தின் இயல்பிருப்பாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, பக்கம் மெய்யாகவே எக்ஸ்எச்டிஎம்எல்லாகப் படிக்கப்பட்டதா என்பதற்கான சான்று பக்கத்தின் மூலத்தில் இல்லை. வழங்கி அனுப்பிய எச்டிடிபி தலைப்புவரிகளில் உள்ளது. உலாவியிலிருந்து சேமித்த கோப்பில் அவை இரா. 2009இல் ஐஎஸ்ஓ 28500 எனத் தரநிலையான வார்க் கோப்பு வடிவம் அவற்றையும் சேர்த்தே காக்கிறது. எனவே தலைப்புவரிகள் இல்லாத தொகுப்பைக் கொண்டு எக்ஸ்எச்டிஎம்எல்லின் வெற்றி தோல்வியைப் பேச இயலாது.

ஓலைச்சுவடி ஆய்வில், பாடவேறுபாடு நூலாசிரியருடையதா ஏடெழுதியவருடையதா எனப் பிரித்தறியாமல் பதிப்பு எழுவதில்லை. வலைப்பக்கத்தில் ஏடெழுதுபவரின் இடத்தில் நிற்பது சட்டகம். அதன் பெயரையும் பதிப்பையும் இயல்பிருப்புகளையும் அறிந்த பிறகே, பக்கத்திலுள்ள ஒரு சாய்கோடு யாருடையது என்று சொல்ல முடியும்.